இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்: வலி போயிடுச்சு... கப்பைச் சுற்றி இருக்கும் எலும்பு என்ன ஆகுது? முழு விளக்கம்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். வாக்கரை மூலையில் வைத்தாச்சு. கடைக்குப் போய் வர முடிகிறது. மாடிப்படி ஏற முடிகிறது. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த வலி இப்போது இல்லை. "நல்லாதானே இருக்கு, இனிமே டாக்டரை எதுக்குப் பார்க்கணும்?" என்ற பேச்சு பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் வரும்.

ஆனால் இதே மூன்று மாதத்தில் தோலுக்கும் தசைக்கும் அடியில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. புதிதாகப் பொருத்திய செயற்கைக் கப்பைச் சுற்றி இருக்கும் எலும்பு, தன் அடர்த்தியை மாற்றிக்கொள்கிறது. சில இடத்தில் கூடுகிறது, பல இடத்தில் குறைகிறது. இது வலிக்காது. நடையிலும் தெரியாது.

எலும்பு குறைவது இயல்பா, ஆபத்தா? எல்லோருக்கும் நடக்குமா? எப்போது கவலைப்படணும்? விரிவாகப் பார்ப்போம்.

மூட்டில் என்னென்ன மாற்றுகிறார்கள்?

இடுப்பு மூட்டு ஒரு பந்துகிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல்முனை பந்து மாதிரி இருக்கும். அது இடுப்பெலும்பில் இருக்கும் ஒரு குழிக்குள் உட்கார்ந்து சுழலும். இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கும். அது தேய்ந்துபோனாலோ, ரத்த ஓட்டம் நின்று பந்து நொறுங்கினாலோ வலி தாங்க முடியாது.

ஆபரேஷனில் நான்கு பாகங்கள் உள்ளே போகின்றன. தொடை எலும்புக்குள் இறங்கும் ஒரு உலோகத் தண்டு. அதன் தலையில் உலோகம் அல்லது செராமிக்கால் ஆன பந்து. இடுப்பெலும்புக் குழிக்குள் ஒரு உலோகக் கப். அந்தக் கப்புக்குள் பிளாஸ்டிக் அல்லது செராமிக்கால் ஆன லைனர்.

குழியைத் தயார் செய்ய, தேய்ந்த குருத்தெலும்பையும் கொஞ்சம் எலும்பையும் அரைக்கோள வடிவில் சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலும் அந்தக் குழியின் அளவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிய கப்பை வைத்துத் தட்டி இறுக்குவார்கள். கப்பின் வெளிப்பக்கம் சொரசொரப்பாக, நுண்துளைகளோடு இருக்கும். அடுத்த சில வாரங்களில் எலும்பு வளர்ந்து அந்தத் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். வேறு சிலருக்கு எலும்பு சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள்.

எப்படிப் பொருத்தினாலும் கப் நிற்பதும் தளர்வதும் அதைத் தாங்கும் எலும்பைப் பொறுத்தது. கப்பைக் கழற்றி வேறு கப் வைக்கலாம். ஆனால் போன எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது லேசான விஷயம் இல்லை.

எலும்பு ஏன் மாறுது?

எலும்பு என்றால் செத்த கட்டை மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை செல், புதிய எலும்பைக் கட்ட இன்னொரு வகை செல் என்று இரண்டு கூட்டம் வாழ்நாள் முழுக்க வேலை செய்கின்றன. ஒரு பெரியவரின் எலும்புக்கூட்டில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

எங்கே கட்டணும், எங்கே கரைக்கணும் என்பதை முடிவு செய்வதில் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. பாரம் விழும் இடத்தில் எலும்பு கெட்டியாகும். பாரம் விழாத இடத்தில் உடல் "இங்கே எதுக்கு வீணா எலும்பு" என்று கரைத்துவிடும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892ல் இதைப் புத்தகமாக எழுதினார். இன்றும் இது வொல்ஃப் விதி என்றே சொல்லப்படுகிறது.

டென்னிஸ் வீரர்களுக்கு ராக்கெட் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். இதற்கு நேர் எதிர் விண்வெளி வீரர்கள். எடையே இல்லாத இடத்தில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இடுப்புப் பகுதி எலும்பை அவர்கள் இழக்கிறார்கள்.

சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் விழும் விசை உடல் எடையைப் போல சுமார் 2.5 மடங்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய 150 கிலோ. பெர்லினில் ஆய்வாளர்கள் செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து இப்படி அளந்திருக்கிறார்கள். இவ்வளவு பாரம் இறங்கும் பாதையை ஆபரேஷன் மாற்றிவிடுகிறது. அதற்கு ஏற்ப எலும்பும் மாறுகிறது.

குழியில் எங்கே குறையும், எங்கே தாங்கும்?

இயற்கையான மூட்டில் பாரம் குருத்தெலும்பு வழியாகக் குழியின் பரப்பில் பரவி இறங்கும். வெளிப்பக்கம் இருக்கும் கெட்டி எலும்பும், உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பஞ்சு எலும்பும் சேர்ந்து அதைத் தாங்கும்.

உலோகக் கப் வந்த பிறகு நிலைமை வேறு. டைட்டானியம் உலோகக் கலவை கெட்டி எலும்பைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விறைப்பானது. பஞ்சு எலும்போடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு. இறுக்கித் தட்டிய கப் குழியின் விளிம்பில்தான் அதிகமாகப் பிடிக்கும். அதனால் பாரம் கப் வழியாக ஓடி விளிம்பில் இருக்கும் கெட்டி எலும்பில் இறங்குகிறது. கப்பின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சு எலும்புக்கு வேலை குறைகிறது. கட்டடத்தில் புதுசா ஒரு இரும்புத் தூண் நிறுத்தினால் பக்கத்துச் சுவரில் பாரம் குறையும் இல்லையா, அதே கதைதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு தொடர்ச்சியாக சிடி ஸ்கேன், டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பொதுவாகத் தெரிவது இதுதான். குழியின் மேல்பக்கக் கெட்டி எலும்பு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. சிலருக்குக் கூடவும் செய்கிறது. கப்பின் நடுப்பகுதிக்குப் பின்னாலும், கீழ்ப்பக்கத்திலும் இருக்கும் பஞ்சு எலும்பு அடர்த்தி இழக்கிறது.

இதற்கு விறைப்பு மட்டும் காரணம் இல்லை. சுரண்டியதால் எலும்புக்கு ஏற்பட்ட காயம், ஆபரேஷனுக்கு முன் மாதக்கணக்கில் வலியால் அந்தக் காலை ஊன்றாமல் இருந்தது, பின் சில வாரம் நடமாட்டம் குறைந்தது எல்லாம் சேர்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்கள், ஏற்கெனவே எலும்புப்புரை உள்ளவர்கள், நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே இருப்பு குறைவு.

இந்த இழப்பு எப்போ நிற்கும்?

பெரும்பாலானவர்களுக்கு வேகமான மாற்றம் முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நடக்கிறது. அதன்பிறகு வேகம் தணிந்து ஒரு சமநிலைக்கு வருகிறது. புதிய பாரப் பாதைக்கு எலும்பு பழகிக்கொண்டது என்று இதற்கு அர்த்தம்.

ஆக, முதல் வருடத்தில் "எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. கப் அசையாமல் எலும்போடு ஒட்டியிருக்கிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கவலைப்பட வேண்டியது வேறொரு எலும்பு இழப்புக்கு. அது பல வருடம் கழித்து வரும். தானாக நிற்காது. அதுவும் ஆரம்பத்தில் வலிக்காது.

இரண்டாவது வகை இழப்பு: துகள்கள் செய்யும் வேலை

இதைப் புரிந்துகொள்ள 60 வருடத்துக்கும் மேல் பின்னால் போகணும். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை சிகிச்சை நிபுணர், 1950களின் கடைசியில் டெஃப்லானால் ஆன கப்களைப் பொருத்தினார். ஆமாம், தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசும் அதே பொருள்தான். முதலில் அருமையாக வேலை செய்தது. இரண்டு மூன்று வருடத்தில் டெஃப்லான் மளமளவென்று தேய்ந்தது. உதிர்ந்த தூள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தது. சுமார் 300 பேருக்குப் பொருத்திய முறையை அவர் கைவிட வேண்டியதாயிற்று.

அடுத்து 1962 நவம்பரில் அவர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்குக்கு மாறினார். உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்க்க, இரண்டு பொருள்களின் மாதிரிகளையும் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார். டெஃப்லான் வைத்த இடம் கட்டியாகத் தடித்தது. பாலிஎத்திலீன் வைத்த இடம் அப்படி ஆகவில்லை. இன்றைய இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு அடித்தளம் இதுதான்.

ஆனால் பாலிஎத்திலீனும் தேயும், மெதுவாக. பழைய வகை லைனர்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தன. கேட்க ரொம்பச் சின்ன அளவுதான். அந்தத் தேய்மானத்தில் உதிர்ந்த துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. எண்ணிக்கையோ கோடிக்கணக்கில்.

உடலின் காவல் செல்கள் இந்தத் துகள்களைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாது. அந்தச் செல்கள் வெளியிடும் ரசாயன சிக்னல்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. கப்புக்குப் பின்னால் எலும்பில் பொந்து விழ ஆரம்பிக்கிறது. மூட்டுத் திரவம் புகும் இடமெல்லாம், கப்பில் இருக்கும் ஸ்க்ரூ துளை வழியாகக்கூட, துகள்கள் போய்ச் சேரும்.

மருத்துவ உலகம் இதைக் கண்டுபிடிக்கத் தடுமாறியது என்பது இன்னொரு கதை. 1980களில் இந்தப் பொந்துகளுக்கு எலும்பு சிமெண்ட்தான் காரணம் என்று பழி போட்டார்கள். "சிமெண்ட் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். சிமெண்டே இல்லாத கப்களை அதிகமாகப் பொருத்தினார்கள். அவற்றைச் சுற்றியும் அதே பொந்துகள் வந்த பிறகுதான் குற்றவாளி சிமெண்ட் மட்டும் இல்லை, தேய்ந்து உதிரும் துகள்கள் என்பது தெளிவானது.

இப்போதும் அந்த ஆபத்து இருக்கா?

வெகுவாகக் குறைந்திருக்கிறது. 1990களின் கடைசியில் கதிர்வீச்சு மூலம் பிணைப்பைக் கூட்டிய, தேய்மானம் மிகக் குறைந்த பாலிஎத்திலீன் பயன்பாட்டுக்கு வந்தது. அது பொருத்தியவர்களுக்குப் பொந்து விழுவது பழைய வகையைவிடப் பல மடங்கு குறைவு. செராமிக் பந்தும் செராமிக் லைனரும் சேர்ந்தால் தேய்மானம் இன்னும் குறைவு.

எல்லாப் புதுமையும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. தேய்மானத்தைத் தவிர்க்க உலோகப் பந்து, உலோகக் கப் என்ற ஜோடி 2000களில் பிரபலமானது. சில மாடல்களில் உதிர்ந்த கோபால்ட், குரோமியம் துகள்கள் தசையையும் எலும்பையும் பாதித்தன. 2010 ஆகஸ்டில் அப்படி ஒரு மாடல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

அதனால் "எனக்கு என்ன வகை மூட்டு வெச்சிருக்காங்க?" என்று தெரிந்திருப்பது ரொம்ப முக்கியம். 2000க்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், உலோகத்தின் மேல் உலோகம் வகை பொருத்தியவர்கள் கட்டாயம் தொடர் பரிசோதனையில் இருக்கணும்.

கப் எத்தனை வருஷம் உழைக்கும்?

ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து 2019ல் தி லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு அது 25 வருடம் உழைக்கும் என்று அது கணித்தது. 25 வருடம் முடிந்தவை எல்லாம் பழைய வகைப் பொருள்கள் என்பதால், இன்று பொருத்துபவை இன்னும் நீடிக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

70 வயதில் செய்துகொள்பவருக்கு 25 வருடம் தாராளம். ஆனால் இந்தியாவில் பலருக்கு 30, 40 வயதுகளிலேயே இந்த ஆபரேஷன் தேவைப்படுகிறது. ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் பந்து நொறுங்கிப்போவது அதற்கு முக்கியமான காரணம். ஸ்டீராய்டு மருந்துகளும் மதுவும் அதைத் தூண்டக்கூடியவை. 35 வயதில் மூட்டு மாற்றியவருக்கு வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட வாய்ப்பு அதிகம்.

அந்த இரண்டாவது ஆபரேஷனில்தான் குழியின் எலும்பு எவ்வளவு மிச்சம் என்பது பெரிய கேள்வியாகிறது. எலும்பு நன்றாக இருந்தால் லைனரை மட்டும் மாற்றியோ, கொஞ்சம் பெரிய கப் வைத்தோ முடித்துவிடலாம். எலும்பு கரைந்து குழி பள்ளமாகிவிட்டால் தானமாகப் பெற்ற எலும்பை வைத்து நிரப்பணும், உலோகத் துண்டுகளால் முட்டுக்கொடுக்கணும், சிலருக்கு அளவெடுத்துத் தனியாகக் கப் செய்யணும். நேரம், ரத்த இழப்பு, தொற்று அபாயம், செலவு எல்லாம் கூடும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் சின்ன வேலை, தாமதமானால் பெரிய வேலை. வித்தியாசம் பெரும்பாலும் ஒரு எக்ஸ்ரேதான்.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

எக்ஸ்ரே: முதல் ஆயுதம் இதுதான். கப்பைச் சுற்றி இருக்கும் எலும்பை மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சார்ன்லியும் டிலீ என்ற மருத்துவரும் 1976ல் சொன்ன முறை இது. கப்புக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போகிறதா, கப் இடம் மாறியிருக்கிறதா, பந்து லைனருக்குள் ஒரு பக்கமாக ஏறியிருக்கிறதா என்று கவனிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எலும்புச் சத்து சுமார் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால்தான் எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு படத்தைவிட, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும்.

சிடி ஸ்கேன்: எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் இது. கப்பின் நிழலில் மறைந்திருக்கும் பொந்தையும், அதன் உண்மையான அளவையும் காட்டும்.

டெக்ஸா ஸ்கேன்: எலும்பு அடர்த்தியை அளக்கும் பரிசோதனை. உலோகம் இருக்கும் இடுப்பில் சாதாரணமாக எடுத்தால் கணக்கு தப்பாக வரும். உலோகத்தைக் கழித்துக் கணக்கிடும் தனி மென்பொருள் வேண்டும், அது பெரும்பாலும் ஆய்வுகளில்தான் பயன்படுகிறது. எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்க்க மற்ற இடுப்பு, முதுகெலும்பில் எடுப்பார்கள். இரண்டு இடுப்பும் மாற்றியிருந்தால் முன்கையில் எடுப்பார்கள்.

மாத்திரை, ஊசி உதவுமா?

எலும்புப்புரைக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள், ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆரம்ப கால இழப்பை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தொடை எலும்புப் பக்கம் தெரியும் அளவுக்குக் குழிப் பக்கம் பலன் தெளிவாக இல்லை. அதனால் மூட்டு மாற்றிய எல்லோருக்கும் இவற்றைத் தருவது வழக்கம் இல்லை. எலும்புப்புரை உறுதியானவர்களுக்கு அந்த நோய்க்காகத் தருவார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தியதும் எலும்பு அடர்த்தி சடசடவென்று இறங்கும்.

துகள்களால் விழுந்த பொந்தை அடைக்க மாத்திரை கிடையாது. அதற்குக் கண்காணிப்பும், தேவைப்பட்டால் ஆபரேஷனும்தான் வழி.

வீட்டில் என்ன செய்யணும்?

* முதல் எக்ஸ்ரேவைப் பத்திரப்படுத்துங்க: ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த படம்தான் வாழ்நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்க உதவும். டிஸ்சார்ஜ் சம்மரி, மூட்டின் மாடல் விவரம் உள்ள ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்க. போனிலும் போட்டோ எடுத்து வையுங்க.

* வலி இல்லைன்னாலும் போங்க: முதல் வருடத்துக்குப் பிறகு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரணும் என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்க. வயது, மூட்டின் வகையைப் பொறுத்து அது மாறும்.

* நடங்க: எலும்புக்குப் பாரம் வேணும். டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் அனுமதித்த அளவுக்குத் தினமும் நடப்பது எலும்புக்கு நல்லது. தரையில் சம்மணம் போடுவது, குத்துக்கால் போடுவது பற்றி அவர்கள் சொன்னதை மீற வேண்டாம். மூட்டு நழுவும் அபாயம் உண்டு.

* கால்சியம், வைட்டமின் டி: பெரியவர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியம் என்பது ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால், தயிர், எள், கீரை, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன்களும் உதவும். வெயில் அடிக்கும் ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு சகஜம் என்பதால், ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க.

* புகையை விடுங்க: அது எலும்பு கட்டும் வேலையைக் கெடுக்கும்.

* கீழே விழாம பார்த்துக்கோங்க: பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி விளக்கு, வழுக்காத செருப்பு. எலும்பு மெலிந்த இடத்தில் ஒரு சறுக்கல் போதும், கப்பைச் சுற்றி முறிவு வர.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

நல்லா இருந்த இடுப்பில் தொடை இடுக்கில் புதுசா வலி. உட்கார்ந்து எழுந்து முதல் நாலைந்து அடி வைக்கும்போது மட்டும் வரும் வலி. ஒரு கால் குட்டையான மாதிரி உணர்வு. நடையில் திடீர் சாய்வு. "டக் டக்" என்ற சத்தம். இவை கப் அல்லது தண்டு தளர்வதைக் காட்டலாம். காய்ச்சல், தையல் இடத்தில் சிவப்பு, சீழ் இருந்தால் தொற்றாக இருக்கலாம், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தொற்றும் எலும்பைக் கரைக்கும்.

மொத்தத்தில்...

கப்பைச் சுற்றி எலும்பு குறைவதில் இரண்டு வகை. முதல் வருடத்தில் வருவது, புதிய பாரத்துக்கு உடல் பழகுவது. அது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். பல வருடம் கழித்துத் துகள்களால் வருவது தானாக நிற்காது. இரண்டுமே ஆரம்பத்தில் வலிக்காது என்பதால், வலியை மட்டும் நம்பி "எல்லாம் சரியா இருக்கு" என்று முடிவு செய்ய முடியாது.

அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய எக்ஸ்ரேவை எடுத்துப் பாருங்க. கடைசியாக எடுத்த தேதி என்ன? டாக்டர் சொன்ன இடைவெளி தாண்டியிருந்தால், இந்த வாரமே ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க.